மழை கூடவே வந்த ஆட்டம்

எங்கள் பூதலப்பட்டில் காலை ஆறரை மணி பால் ஊற்றுகிற நேரம். கேன்களும் தூக்குகளும் வரிசை கட்டி நிற்கும். ஊர்ச் சேதி கைமாறுவதும் அங்கேதான். 2023 அக்டோபர் 6, வெள்ளிக்கிழமை, அந்த வரிசை கலைந்துபோயிருந்தது. ஐந்தாறு பையன்கள் ஒரு கைபேசியைப் பால்கேன் மூடிமேல் சாய்த்துவைத்துக் குனிந்து நின்றார்கள். சீனாவின் ஹாங்சோ நகரத்தில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆண்கள் கிரிக்கெட் அரையிறுதி, இந்தியாவும் வங்கதேசமும்.

சித்தூரிலிருந்து வரும் சாலை எங்கள் ஊரில் இரண்டாகப் பிரியும். ஒன்று திருப்பதிப் பக்கம் போகும். இன்னொன்று பீலேர் வழியாகக் கடப்பாவுக்கு. தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் தமிழ்நாட்டு எல்லை. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும்வரை இதெல்லாம் வட ஆற்காடுதான். எங்களில் பல வீடுகளில் அடுப்படியில் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. கிரிக்கெட் மைதானத்தில் இரண்டும் ஒன்றாகக் குழைந்துவிடும். ஒரே வாக்கியத்தில் பாதி இது, பாதி அது.

அன்றைய ஆட்டத்தை எங்கள் ஊரை மனத்தில் வைத்து யாரோ எழுதியதுபோல் இருந்தது. முதலில் பந்து வீசிய இந்தியாவுக்காகச் சென்னைப் பையன் சாய் கிஷோர் 12 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுத்தான். இன்னொரு சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தர் 15 ரன்னுக்கு 2. வங்கதேசம் 96 ரன்னில் நின்றது. பதிலுக்கு ஆடவந்த ஐதராபாத்துத் திலக் வர்மா 26 பந்தில் ஆட்டமிழக்காமல் 55. பத்தாவது ஓவரிலேயே ஆட்டம் முடிந்தது. அரை சதம் அடித்ததும் திலக் சட்டையைத் தூக்கி, உடம்பில் பச்சை குத்தியிருந்த அம்மாவின் உருவத்தைக் காட்டினான். சாய் கிஷோர் விக்கெட் எடுத்தபோது "மனோடுரா!" (நம்மாளுடா) என்று கத்தியவன் வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். திலக் சிக்ஸர் அடித்தபோது "நம்ம பையன்டா" என்றவன் தமிழ்வீட்டுப் பிள்ளை. அந்தக் காலைப் பொழுதை நான் மறக்கவே மாட்டேன்.

அந்த வாரத்தில் நாட்டின் கண் வேறெங்கோ இருந்தது. அதற்கு முந்தைய நாள்தான் அகமதாபாத்தில் 50 ஓவர் உலகக் கோப்பை தொடங்கியிருந்தது. எட்டாம் தேதி சேப்பாக்கத்தில் இந்தியா ஆஸ்திரேலியாவோடு மோத இருந்தது. பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் எல்லாரும் அங்கே. ஹாங்சோவுக்குப் போனது ருதுராஜ் கெய்க்வாட் தலைமையில் அடுத்த வரிசை. அதனால்தான் இந்தப் போட்டியின் கதையைச் சொல்லத் தோன்றுகிறது. பல விளையாட்டுகள் கூடும் பெருவிழாவில் கிரிக்கெட் எப்போதும் திண்ணையில் உட்கார்ந்த விருந்தாளியாகவே இருந்திருக்கிறது. அது நடந்துவந்த வழி நீளமானது. வழி நெடுக மழை அதைவிட்டுப் போகவேயில்லை.

முதல் அடி 1900இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் விழுந்தது. பெல்ஜியமும் நெதர்லாந்தும் வருவதாக இருந்து விலகிவிட, மிஞ்சியவை பிரிட்டனும் பிரான்சும் மட்டும். ஒரே ஒரு ஆட்டம், ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு நாள், வின்சென் சைக்கிள் பந்தயத் திடலில், பக்கத்துக்கு 12 பேர். பிரிட்டனுக்காக ஆடியது இங்கிலாந்திலிருந்து சுற்றுலா வந்த ஒரு கிளப் அணி. 158 ரன்னில் ஜெயித்தது. தாங்கள் ஆடியது ஒலிம்பிக் ஆட்டம் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் பதிவேட்டில் ஏறியது. அதன்பிறகு ஒரு நூற்றாண்டுக்கு ஒலிம்பிக் பக்கம் கிரிக்கெட் எட்டிப்பார்க்கவில்லை. ஐந்து நாள் ஆடி முடிவில்லாமல் போகக்கூடிய ஆட்டத்தை இரண்டு வாரத் திருவிழாவுக்குள் எப்படி அடைப்பது?

1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 ஓவராகச் சுருக்கி அடைத்துப் பார்த்தார்கள். 16 அணிகள். அதே சமயத்தில் டொரான்டோவில் பாகிஸ்தானோடு சஹாரா கோப்பை. இந்தியா அணியை இரண்டாகப் பிரித்தது. கோலாலம்பூருக்கு அஜய் ஜடேஜா தலைமையில் சச்சின், கும்ப்ளே, லட்சுமண், ஹர்பஜன் போனார்கள். ஆன்டிகுவாவோடு ஆடிய ஆட்டத்தை மழை கொண்டுபோனது. கனடாவை வென்று, ஆஸ்திரேலியாவிடம் தோற்று, பதக்கம் இல்லாமல் திரும்பினார்கள். தங்கம் ஷான் பொல்லாக்கின் தென்னாப்பிரிக்காவுக்கு. மற்ற நாட்டு வீரர்களோடு ஒரே கிராமத்தில் தங்கி, ஒரே கூடத்தில் தட்டேந்தி நின்று சாப்பிட்டுவிட்டு வந்த அந்த அணியில் லட்சுமணுக்கு அப்போது 23 வயது. கால் நூற்றாண்டு கழித்து ஹாங்சோவுக்குப் பயிற்சியாளராகப் போனவர் அதே லட்சுமண். ஹாங்சோவில் கிடைத்த தங்கத்தில் அவருக்குப் பழைய கணக்கு ஒன்று தீர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

டி20 வந்தபிறகுதான் வழி திறந்தது. மூன்றரை மணி நேரத்தில் ஒரு ஆட்டம், ஒரே திடலில் ஒரே நாளில் இரண்டு. 2010இல் சீனாவின் குவாங்சோவில் ஆசிய விளையாட்டுக்குள் கிரிக்கெட் நுழைந்தது. இந்தியா அணி அனுப்பவில்லை. வேறு தொடர்கள் இருந்தன. எனக்கு அது அன்றும் உறுத்தியது. இந்தியா போகாத இடத்தில் மற்றவர்களுக்கு வாசல் திறந்தது என்பதும் உண்மை. பாகிஸ்தானை அரையிறுதியில் வீழ்த்தி ஆப்கானிஸ்தான் இறுதிக்கு வந்தது. அகதி முகாம்களில் பந்து பிடிக்கக் கற்றுக்கொண்ட பையன்கள் அவர்கள். டெஸ்ட் தகுதி கிடைக்க இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. இறுதி ஆட்டத்தில் வங்கதேசம் கடைசி ஓவரில் 5 விக்கெட்டில் வென்றது. ஆசிய விளையாட்டு வரலாற்றில் வங்கதேசத்துக்கு அதுதான் முதல் தங்கம், எந்த விளையாட்டிலும். பதினைந்து கோடிப் பேருக்குமேல் வாழும் நாட்டின் முதல் தங்கத்தை இந்தக் குட்டிப் போட்டிதான் கொடுத்தது.

அடுத்தது 2014, தென்கொரியாவின் இன்சியோன். இதைச் சொல்வதற்கு முன் எங்கள் ஏரிக்குப் போகவேண்டும்.

எங்கள் பக்கத்தில் தசரா லீவு என்றால் டென்னிஸ் பால் டோர்னமென்ட். ஏரி வற்றிக் கிடக்கும். சீமைக்கருவேல முள்ளை வெட்டி ஒதுக்கி, களிமண் வெடிப்பை மிதித்துச் சமன்செய்து, நடுவில் தண்ணீர் தெளித்து உருட்டி பிட்ச் போடுவோம். பவுண்டரிக்குச் சுண்ணாம்புக் கோடு. காணிப்பாக்கம் பக்கத்திலிருந்தும் பாகாலாவிலிருந்தும் டெம்போ பிடித்து அணிகள் வரும். நான் பத்தாம் வகுப்புப் படித்த வருஷம் எங்கள் பேட்டை அணி அரையிறுதிக்கு வந்தது. ஆறு ஓவர் ஆட்டத்தில் நாங்கள் மூன்று ஓவர் ஆடியிருந்தோம். மேற்கே மாந்தோப்புக்கு மேல் கறுத்து, பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. கால்மணி நேரத்தில் பிட்ச் சேறு. மறுநாள் பள்ளிக்கூடம், வெளியூர் அணிக்கு இன்னொரு நாள் வண்டி வாடகை கொடுக்க முடியாது. நடத்தியவர் சட்டைப்பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தார்.

"பொம்மா, பொருசா?" என்று எங்கள் கேப்டனைக் கேட்டார்.

தமிழில் பூவா தலையா. கேப்டனாக இருந்த எங்கள் அண்ணன் பொம்ம என்றான். நாணயம் சேற்றில் விழுந்து செங்குத்தாகச் சொருகி நின்றது. எல்லாரும் குனிந்து பார்த்தோம். நடத்தியவர் அதைத் துடைத்து மறுபடி சுண்டினார். பொருசு. நனைந்த பேட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். வழியில் யாரும் எதுவும் பேசவில்லை. தோற்றிருந்தால்கூட யார் அவுட்டானது, எந்த கேட்சை விட்டது என்று பேசிக்கொண்டு வந்திருப்போம். அன்று பேச எதுவுமே இல்லை.

ஏரிக்குள் நடந்த அதே கதை இன்சியோனிலும் நடந்தது. வங்கதேசமும் இலங்கையும் ஆடிய அரையிறுதியை மழை கலைத்தது. மாற்று நாள் எதுவும் ஒதுக்கவில்லை. நாணயம் சுண்டினார்கள். இலங்கை இறுதிக்குப் போனது. தங்கத்தைக் காத்துக்கொள்ள வந்த வங்கதேசம் வெண்கலத்துக்கு ஆடியது. அதற்கு முன்பே மாலத்தீவும் குவைத்தும் ஆடவேண்டிய ஆட்டத்துக்கும் இதே நாணயம்தான் முடிவு சொன்னது. மாலத்தீவு வெளியே போனது. ஒரு நாட்டின் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு கடல் கடந்து வந்தவர்களுக்கு அதைவிட நல்ல விடை கொடுத்திருக்கவேண்டும். ஐந்து ஓவராவது ஆட ஒரு நாளை மிச்சம் வைத்திருக்கலாம். பத்தாம் வகுப்பில் நான் நடந்த அந்த வழியைத்தான் அவர்களும் நடந்திருப்பார்கள்.

இறுதியில் லஹிரு திரிமன்னேயின் இலங்கை 133 ரன் எடுத்து, ஆப்கானிஸ்தானை 65க்குச் சுருட்டியது. ஆப்கானிஸ்தானுக்கு மறுபடியும் வெள்ளி. இந்தியா அந்த முறையும் போகவில்லை. 2018 ஜகார்த்தாவில் கிரிக்கெட்டையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். திண்ணையும் போயிற்று.

நடுவில் ஒரு காரியம் சத்தமில்லாமல் நடந்தது. 2019 ஜனவரி முதல், ஐசிசி உறுப்பு நாடுகள் எவை இரண்டு ஆடினாலும் அது சர்வதேச டி20 என்று ஐசிசி அறிவித்தது. குவாங்சோவிலும் இன்சியோனிலும் ஆண்கள் எடுத்த ரன்களுக்கு அந்தத் தகுதி இல்லை. ஹாங்சோவில் எல்லாருக்கும் இருந்தது. ஏட்டில் ஒரு வரி மாறியதுதான். அதன் பலனை 2023 செப்டம்பர் 27 அன்று உலகமே பார்த்தது.

நேபாளமும் மங்கோலியாவும். மங்கோலியா ஐசிசிக்குள் வந்தே இரண்டு ஆண்டுகள்தான். அது அவர்களின் முதல் சர்வதேச டி20. நேபாளம் 20 ஓவரில் 3 விக்கெட்டுக்கு 314. சர்வதேச டி20இல் 300ஐத் தாண்டிய முதல் அணி. குஷால் மல்லா 34 பந்தில் சதம். திபேந்திர சிங் ஐரி ஆடியது பத்தே பந்து. அதில் எட்டு சிக்ஸர், 52 ரன். ஒன்பதாவது பந்தில் அவர் அரை சதத்தைத் தொட்டபோது, 2007இல் டர்பனில் யுவராஜ் சிங் வைத்த 12 பந்துச் சாதனை போனது. மங்கோலியா 41 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. இடைவெளி 273 ரன்.

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் நிறைய. பலமில்லாத அணியை அழைத்துவந்து அடிவாங்க வைப்பதா என்றும் கேட்டார்கள். எனக்கு அந்த மங்கோலியப் பந்துவீச்சாளர்கள்தான் கண்ணில் நிற்கிறார்கள். பந்து தலைக்குமேல் பறந்துகொண்டே இருந்தது. அவர்கள் ஒவ்வொரு முறையும் திரும்பி நடந்து, ஓடிவந்து, அடுத்த பந்தை வீசினார்கள். 120 பந்தும் வீசினார்கள். வருஷத்தில் பாதி உறைபனியில் கிடக்கும் நாட்டில் கிரிக்கெட் ஆட ஆசைப்பட்டவர்கள் அவர்கள். அந்த ஆசைக்கு உலகக் கோப்பையில் இடம் கிடையாது, ஐபிஎல்லில் கிடையாது. பல விளையாட்டு விழாவில் மட்டும்தான் உண்டு. மல்யுத்த வீரரும் வில்லாளியும் ஓட்டக்காரரும் எந்த வாசல் வழியாக வருகிறார்களோ அதே வாசல் வழியாக இவர்களும் வந்தார்கள்.

அதே ஹாங்சோவில் காலிறுதியில் மலேசியா வங்கதேசத்தைக் கிட்டத்தட்டச் சாய்த்துவிட்டது. எட்டவேண்டியது 117. கடைசி ஓவரில் 5 ரன் போதும். விரன்தீப் சிங் அரை சதம் அடித்து ஆடிக்கொண்டிருந்தார். அஃபிஃப் ஹொசைன் அந்த ஓவரை வீசினார். விரன்தீப் அவுட். 2 ரன்னில் தோல்வி. அன்று மலேசியா வென்றிருந்தால் இந்தக் கட்டுரையின் தொடக்கமே வேறாக இருந்திருக்கும்.

இனி சாய் கிஷோருக்கு வருகிறேன். இந்தப் போட்டி எதற்காக இருக்கவேண்டும் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது அவரைத்தான்.

இடக்கை சுழற்பந்து வீச்சாளர், நெடுநெடுவென்ற உயரம். தமிழ்நாட்டு அணியில் ஆண்டுக்கணக்காக வீசிவந்தவர். சென்னை சூப்பர் கிங்ஸ் அணியில் இரண்டு சீசன் இருந்தும் ஒரு ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. 2021இல் இந்திய அணியோடு இலங்கைக்குப் போனார், வலைப்பயிற்சியில் பந்து போடுவதற்காக. 2023 ஜூலையில் ஹாங்சோ அணியை அறிவித்தபோதும் அவர் பெயர் பதினைந்தில் இல்லை. காத்திருப்புப் பட்டியலில் இருந்தது. தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடியவர், பெஞ்சில் உட்கார்ந்தவர், வலையில் வீசியவர். கிரிக்கெட்டில் காத்திருப்பு எவ்வளவு நீளம் என்று தெரியவேண்டுமானால் அவரைக் கேட்கவேண்டும்.

அக்டோபர் 3, காலிறுதி, நேபாளத்தோடு. ஹாங்சோவில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்றின் வளாகத்துத் திடல். கூட்டம் அதிகமில்லை. இரண்டு அணியும் வரிசையில் நிற்க, தேசிய கீதம் ஒலிக்கத் தொடங்கியது. கேமரா முகம் முகமாக நகர்ந்து சாய் கிஷோரிடம் வந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். உதடு கீதத்தைச் சொல்ல முயல்கிறது, முடியவில்லை. கண்ணைத் துடைக்கவும் கை எழவில்லை. கீதம் ஒலிக்கும்போது அசையாமல் நிற்கவேண்டும் அல்லவா. கண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கியது. பால்கேன் மூடிமேல் சாய்த்த அந்தச் சின்னத் திரையில் அதைப் பார்த்த நேரத்தில், பால் அளக்கிறவரும் லிட்டர் படியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்.

அன்று யஷஸ்வி ஜெய்ஸ்வால் 49 பந்தில் 100. இந்தியா 202. நேபாளம் விடாமல் துரத்தி 179 வரை வந்தது. 23 ரன் வித்தியாசம். மங்கோலியாவை அடித்தவர்கள் என்று யாராவது அவர்களைச் சாதாரணமாக எண்ணியிருந்தால் அன்றோடு அது போயிருக்கும். சாய் கிஷோர் ஒரு விக்கெட் எடுத்தார், கேட்சுகளும் பிடித்தார். மூன்று நாள் கழித்து அரையிறுதியில் 12 ரன்னுக்கு 3 எடுத்த கதையைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இறுதி ஆட்டம் ஏழாம் தேதி, சனிக்கிழமை. எதிரில் மறுபடியும் ஆப்கானிஸ்தான். இலங்கையையும் பாகிஸ்தானையும் வீழ்த்திவிட்டு, குல்பதின் நைப் தலைமையில் மூன்றாவது முறையாக இறுதிக்கு வந்திருந்தார்கள். எங்களுக்கு மத்தியானம் ஆகுமுன் தொடங்கவேண்டிய ஆட்டம், ஈரத்தால் தாமதமானது. 12 ரன்னுக்குள் 3 விக்கெட் போனபின்னும் அவர்கள் எழுந்தார்கள். ஷாஹிதுல்லா 49, நைப் 27, இருவரும் களத்தில். 18.2 ஓவரில் 5 விக்கெட்டுக்கு 112. அப்போது மழை. நின்று பெய்தது. இந்தியா ஒரு பந்துகூட ஆடவில்லை. தரவரிசையில் மேலே இருந்ததால் தங்கம் இந்தியாவுக்கு.

எங்கள் பையன்கள் துள்ளினார்கள், பட்டாசுகூட வெடித்தது. எனக்கும் சந்தோஷம்தான், மறைக்கமாட்டேன். சாய் கிஷோர் கழுத்தில் தங்கம் தொங்கிய படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். ஆனாலும் அன்று ராத்திரி நினைவுக்கு வந்தவர்கள் ஆப்கானியர்கள். 2010, 2014, 2023. மூன்று இறுதி, மூன்று வெள்ளி. முதல் இரண்டில் ஆடித் தோற்றார்கள். மூன்றாவதில் கையில் 112 ரன்னை வைத்துக்கொண்டு, பந்து வீசிப் பார்க்கும் வாய்ப்புக்கூடக் கிடைக்காமல் நின்றார்கள். நாணயத்துக்குப் பதில் தரவரிசை வந்திருந்தது, அவ்வளவுதான். மாற்று நாள் அப்போதும் இல்லை.

மழையைத் திட்ட மட்டும் எனக்கு வாய் வராது. எங்கள் பக்கத்தில் யாருக்கும் வராது. ஐப்பசியில் ஒரு மழை தவறினால் கிணறு காய்ந்து, கிளிமூக்கு மாமரம் பூக்கவேண்டிய நேரத்தில் வாடி நிற்கும். எங்கள் அரையிறுதியைக் கெடுத்த மழையில்தான் அந்த வருஷம் ஏரி நிரம்பியது. திட்டவேண்டியது, மழை வரும் என்று தெரிந்தும் ஒரு நாளை ஒதுக்காத அட்டவணையை.

ஹாங்சோ இறுதி முடிந்து ஒன்பதே நாள். அக்டோபர் 16 அன்று மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டைச் சேர்க்க ஒப்புதல் கொடுத்தது. பாரிசுக்குப் பிறகு 128 ஆண்டு. டி20 முறையில், ஆண்களுக்கு ஆறு அணி, பெண்களுக்கு ஆறு அணி. நடுவில் 2026இல் ஜப்பானின் அய்ச்சி-நகோயா ஆசிய விளையாட்டிலும் கிரிக்கெட் உண்டு.

ஆறு அணி என்பது எனக்கு நிறைவில்லை. ஹாங்சோவில் ஆண்கள் பிரிவில் 14 அணிகள் ஆடின. கம்போடியாவும் ஜப்பானும் தாய்லாந்தும் இருந்தன. ஒலிம்பிக் வாசலில் அவர்களுக்கு இடமில்லை. ஆப்கானிஸ்தானுக்கே உறுதியில்லை. பதக்க மேடை உயர உயர, அதில் ஏறக்கூடியவர்கள் குறைந்துபோகிறார்கள். திபேந்திர ஐரிபோல் ஒருவன் ஒன்பது பந்தில் உலகத்தைத் திரும்பிப்பார்க்க வைத்தது இந்தச் சின்ன விழாவில் இடம் கிடைத்ததால்தான். வழி திறந்துவிட்டவர்களை வாசலில் நிறுத்திவைக்காமல் பன்னிரண்டு அணியாவது சேர்க்க ஐசிசி போராடவேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸில் கிரிக்கெட் நடக்கப்போவது நகரத்துக்குக் கிழக்கே பொமோனாவில், கண்காட்சித் திடல் ஒன்றில். மாதம் ஜூலை. தென்கலிஃபோர்னியாவில் ஜூலையில் மழை பெய்வது அபூர்வம். கோலாலம்பூரிலிருந்து ஹாங்சோவரை கூடவே நடந்துவந்த மழையை இந்த ஆட்டம் அங்கேதான் முதல்முறையாகப் பின்னால் விட்டுப் போகப்போகிறது. அங்கே சாயங்காலம் தொடங்குகிற ஆட்டம் எங்களுக்கு மறுநாள் காலை, பால் ஊற்றுகிற நேரம்.